கனவில் தின்ற சோறு

அந்த வருஷம் பங்குனியில் அரியலூரில் அரிசிக்குப் பஞ்சமே இல்லை. கொளஞ்சியப்பன் வேலை பார்த்த ரைஸ்மில்லில் மூட்டைகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. அவர் வீட்டுப் பானையிலும் கழுத்து வரை அரிசி இருந்தது. ஆனால் அவருக்கு மட்டும் ஒரு மாசம் சோறு கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பது வயசு வரைக்கும் மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த உடம்பு அது. அதனிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய வேலை மில்லுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுக் களத்தில். விடிகிற நேரத்துக்கு அவித்த நெல்லை ஆவி பறக்கக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைப் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கோடு கோடாக இழுத்துக் கிளறிவிட வேண்டும். தின்கிற பொருளைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது, வெறுங்கால்தான். பதம் பார்ப்பதும் காலாலேயேதான். உள்ளங்காலில் நெல் எப்படி உருள்கிறது, எப்படிச் சுடுகிறது என்பதை வைத்து, "இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும்" என்று கொளஞ்சியப்பன் சொன்னால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். இருபத்திரண்டு வருஷம் அந்தக் காலுக்கு அப்படி ஒரு மரியாதை.

மாசி மாதம் ஒருநாள், பக்கத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்த வீரமுத்து சத்தம் போட்டான்.

"அண்ணே, நில்லுங்க நில்லுங்க! உங்க கோட்டுல ரத்தம் வருது!"

கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தார். அவர் இழுத்துவந்த கோடு நெடுகப் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. சாக்குத் தைக்கிற கோணி ஊசி ஒன்று முறிந்து, வலது கால் பெருவிரலின் அடியில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். வலிக்கவில்லை. பிடுங்கும்போதும் வலிக்கவில்லை. வீரமுத்து இதைப் பெரிய வீரமாக்கி மில் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கொளஞ்சியப்பனுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை மூன்று வாரம்தான் நீடித்தது. புண் ஆறாமல் குழி விழுந்தது. மஞ்சள் வைத்துக் கட்டியும் ஆறவில்லை, பச்சிலை அரைத்துப் போட்டும் ஆறவில்லை. கடைசியில் மனைவி செங்கமலம் அவரை இழுத்துக்கொண்டு போய் டவுன் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தாள். அங்கே நர்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, அதில் அவருடைய சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சூடு காட்டினாள். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் கண்ணெதிரே செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது. அழகாக இருக்கிறதே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

"சர்க்கரை வியாதி" என்றார் டாக்டர். "ரொம்ப நாளா இருந்திருக்கு. அதான் காலு மரத்துப்போச்சு. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது, சோத்தை நிறுத்தணும். ஒரு மாசம் பாப்போம். சர்க்கரை எறங்குச்சுன்னா புண்ணு ஆறும். எறங்கலைன்னா வெரலை எடுத்துத்தான் ஆகணும். அதையும் வுட்டா காலுக்கு ஏறிடும்."

கொளஞ்சியப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தார். கை போனால்கூட ஏதாவது பிழைப்பு உண்டு. களத்தில் நடக்கிறவனுக்குக் கால்தான் எல்லாம்.

"முட்டை, மீனு சாப்புடுவீங்களா?"

"அதெல்லாம் வுட்டு இருபத்தொரு வருசமாச்சுங்க. செட்டிகுளத்து முருகனுக்கு வேண்டுதல்."

மகள் மலர்கொடி பிறந்த கையோடு மூச்சுத் திணறிப் படுத்தபோது மலையேறிப் போய் வேண்டிக்கொண்டது அது. பிள்ளை பிழைத்தாள், இப்போது அரும்பாவூரில் வாக்கப்பட்டு நன்றாக இருக்கிறாள். அவர் அன்றைக்கு விட்ட கறியும் மீனும் விட்டதுதான். கையில் கரும்பை ஏந்திக்கொண்டு நிற்கிற சாமி அது. அதனிடம் போய் என் சர்க்கரையைக் குறையப்பா என்று கேட்டால் அதற்கே சிரிப்பு வராதா என்று திரும்பும் வழியில் செங்கமலத்திடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. என்ன சமைப்பது என்று அவளுக்கு அப்போதே யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது.

யோசித்து அவள் கண்டுபிடித்தது இதுதான். சோறு சாப்பிடக் கூடாத நாள் அவர்களுக்குப் புதுசா என்ன? மாசா மாசம் கிருத்திகை வருகிறது. அன்றைக்கு அவர் சோறு தொடுவதில்லை, பலகாரம்தான். அதே போல் முப்பது கிருத்திகை வந்ததாக நினைத்துக்கொண்டால் தீர்ந்தது. மறுநாள் காலையில் எட்டு இட்லி. மத்தியானம் ரவை உப்புமா. சாயங்காலம் இடியாப்பம். அடுத்த நாள் தோசை, அடை, அரிசியை நொய்யாக உடைத்துக் கிளறிய உப்புமா. கொளஞ்சியப்பன் ஒரு பருக்கை சோறு தொடவில்லை. விரதம் இருக்கிற முகத்தோடு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வயிறு முட்டப் பலகாரம் சாப்பிட்டார். மில்லில் லீவு சொல்லியாகிவிட்டது. பத்து நாள் ராஜ வாழ்க்கை.

பதினோராம் நாள் கட்டு மாற்றப் போனார்கள். கமலவேணி என்கிற அந்த நர்ஸ் குழாயைச் சூடு காட்டினாள். நீலம் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாகச் செங்கல் நிறத்துக்கு ஓடியது.

"என்னதான் சாப்புடுறீங்க?"

"சோறு தொடவே இல்லீங்கம்மா" என்றாள் செங்கமலம், சத்தியம் செய்கிற குரலில். "பத்து நாளா வெறும் இட்லி, தோசைதான்."

கமலவேணி குழாயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா எங்க வேலை பாக்குறாரு?"

"ரைஸ்மில்லுல."

"ரைஸ்மில்லுல வேலை பாக்குறவருக்கு இட்லி எதுல செய்றாங்கன்னு தெரியாதா?"

கொளஞ்சியப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. அரிசி அவருக்குத் தெரியும். நெல்லாக, புழுங்கலாக, குருணையாக, தவிடாக அதன் எல்லாப் பிறப்பும் தெரியும். ஆனால் சாமிக்கே சோறாகத் தெரியாத இட்லி, சர்க்கரைக்குச் சோறாகத் தெரியும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. செங்கமலம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து நாள் போய்விட்டது. விரலின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

கமலவேணி நல்ல பெண். கேலி செய்ததோடு விட்டுவிடாமல் செங்கமலத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். "எங்கப்பாவுக்கும் இதே நோவுதான்க்கா. சாப்பாட்டைத் தலைகீழாக் கவுத்திப் போடுங்க. இத்தனை நாளும் ஓரத்துல வச்சதையெல்லாம் நடுவுல வைங்க. கீரைய ஒரு கரண்டி வைக்காதீங்க, ஒரு சட்டி வைங்க. பயறு, மொச்சை, கொள்ளு, கடலை — இதெல்லாம் வயித்துல ரொம்ப நேரம் நிக்கும். ராத்திரிக்கு மட்டும் ஒரே ஒரு சின்னக் கேழ்வரகு அடை. பசிக்குதுன்னு சொன்னா மோரு குடுங்க, எவ்வளவு வேணாலும் குடிக்கட்டும்." கிளம்பும்போது பழைய குழாய் ஒன்றும் நீலத் தண்ணீர் ஒரு புட்டியும் கொடுத்தாள். "வூட்டுலயே பாத்துக்குங்க. நீலம் நீலமாவே நிக்கணும். பச்சை வந்தாலும் பரவால்ல."

அன்று முதல் அந்த வீட்டுச் சமையல் மாறியது. முருங்கைக் கீரையை மூட்டையாக உருவி, வறுத்த வேர்க்கடலையைத் தட்டிப் போட்டு வதக்கினாள் செங்கமலம். வாழைத்தண்டைப் பாசிப்பருப்போடு வேகவைத்தாள். மொச்சையும் கத்திரிக்காயும் சின்ன வெங்காயமுமாகக் கெட்டிக் குழம்பு வைத்து, குழம்பையே தட்டு நிறைய ஊற்றிக் கையில் கரண்டியைக் கொடுத்தாள். சோறு இல்லாமல் குழம்பைத் தின்பது, தாலி கட்டாமல் கல்யாணச் சாப்பாடு போடுகிற மாதிரி இருந்தது கொளஞ்சியப்பனுக்கு.

"இதென்ன புள்ள, மாட்டுக்குக் காட்டுற தீனியாட்டம் இருக்கு!"

"மாடு நல்லாத்தானே நடக்குது? தின்னுங்க."

முதல் மூன்று நாள் பெரும்பாடு. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. சோற்றுக்கு ஒரு குணம் உண்டு. நாலாவது கவளத்தில் உள்ளேயிருந்து யாரோ போதும் என்று சொல்வார்கள். கீரையிலும் பயறிலும் அந்த ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் தட்டைப்பயறு சுண்டலை ஒரு கிண்ணம் தின்று மோர் குடித்தபின், மத்தியானம் முழுக்கப் பசியே எடுக்கவில்லை. அட, இவனும் ஒரு மாதிரி ஆள்தான் என்று பயறின்மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

காலையில் எழுந்ததும் குழாயை விளக்கில் காட்டுவது பூசை மாதிரி ஆகிவிட்டது. செங்கல் நிறம் ஆரஞ்சானது. ஆரஞ்சு மஞ்சளானது. பதினெட்டாம் நாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் இளம் நாற்றங்காலின் பச்சை. கொளஞ்சியப்பன் கத்திவிட்டார். செங்கமலம் பாதி தேய்த்த பாத்திரத்தோடு ஓடிவந்தாள். இரண்டு பேரும் அந்தக் குழாயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரலின் குழி சுருங்கத் தொடங்கியிருந்தது. வீரமுத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய், அண்ணனுக்குப் பச்சை வந்துவிட்டது என்று மில்லில் சொல்லிவிட்டான்.

அந்த வாரத்தில்தான் கனவு ஆரம்பித்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் கூடத்தில் வெறுந்தரையில் படுப்பார். ஓட்டுச் சந்து வழியாக விழுகிற வெயில் வட்டம் சுவரில் நகர்ந்துகொண்டிருக்கும். தூரத்தில் சரக்கு ரயில் போகிற சத்தம். கண்ணை மூடினால் மில் களம் வந்துவிடும். ஆனால் களத்தில் நெல் இல்லை, சோறு. வடித்து இறக்கிய சோறு, களம் முழுக்க, வெள்ளை வெளேரென்று. அவர் அதில் வெறுங்காலோடு நடக்கிறார். கணுக்கால் வரை இதமான சூடு. விரல் இடுக்கில் பருக்கைகள் புகுந்து வழிகின்றன. ஒவ்வொன்றும் காலுக்குத் தெரிகிறது. மரத்துப்போன கால் இல்லை அது, பழைய கால். களத்தின் நடுவில் ஒரு வாழையிலை விரித்திருக்கிறது. உட்காருகிறார். யாரென்று முகம் தெரியாத ஒருத்தர் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். ரசம் வருகிறது, கத்திரிக்காய்க் குழம்பு வருகிறது, தயிர் வருகிறது. கொளஞ்சியப்பன் பிசைந்து பிசைந்து உருட்டி உருட்டி வாயில் போடுகிறார். யாரும் தடுக்கவில்லை. யாரும் கணக்குக் கேட்கவில்லை.

விழித்தால் மூன்று மணி. சுவரில் வெயில் வட்டம் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும். முகம் ஈரமாக இருக்கும். வியர்வைதான் என்று துடைத்துக்கொள்வார்.

இருபத்தொன்று, இருபத்திரண்டாம் நாட்களில் கனவு இன்னும் கெட்டியானது. விழித்த பிறகும் நாக்கில் சோற்றின் ருசி நின்றது. மெலிசாக, இனிப்பாக, சந்தேகமே இல்லாமல். எச்சிலைக் கூட்டி விழுங்கிப் பார்த்தார். சோறுதான். இருபத்துமூன்றாம் நாள் காலையில் குழாய் மஞ்சளைக் காட்டியது. இருபத்தைந்தில் ஆரஞ்சு. இரண்டு நாளும் செங்கமலம் பார்ப்பதற்குள் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

கொளஞ்சியப்பன் சாப்பிட்டதையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சாப்பாடு மாறவில்லை. அதே கீரை, அதே சுண்டல், அதே மோர். இன்னும் சொல்லப்போனால் கீரையும் மோரும் முன்னைவிட ருசியாகவே இருந்தன. செங்கமலத்துக்குக் கை பழகிவிட்டது என்று அவரே மெச்சியிருந்தார். பிறகு எப்படி? ஒரே ஒரு வழிதான் இருந்தது. தூக்கத்தில் தானே எழுந்துபோய், செங்கமலம் தனக்கென்று வடித்து வைத்த சோற்றைத் தின்றுவிட்டு வந்து படுத்திருக்க வேண்டும். அவருடைய பெரியப்பா ஒருவர் அப்படித் தூக்கத்தில் நடக்கிறவர். ரத்தத்தில் இருக்கிறது போல.

செங்கமலத்திடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் கிணற்றடிக்குப் போனதும் கோலமாவை எடுத்து அடுக்களை வாசலில் மெலிசாகத் தூவிவிட்டுப் படுத்தார். போனால் காலடி விழும் அல்லவா? விழித்ததும் தவழ்ந்துபோய்ப் பார்த்தார். மாவு கலைந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி வந்து கொத்தியிருக்கலாம். பெருவிரல் பதிந்த மாதிரியும் ஓரிடம் தெரிந்தது. உற்றுப் பார்க்கப் பார்க்க அது தன் கால்தான் என்று உறுதியாகிவிட்டது. அரிசி மாவை அரிசித் திருடன் கையாலேயே கூட்டி அள்ளினார்.

இருபத்தேழாம் நாள் கட்டு மாற்றும்போது கமலவேணி கேட்டாள், "வூட்டுல பாத்தீங்களா? என்ன கலரு?"

"பச்சைதாங்க" என்றார் கொளஞ்சியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

வாழ்க்கையில் அவர் அதிகம் பொய் சொன்னவர் இல்லை. அந்த ஒரு பொய் அவரை இரண்டு நாள் உட்காரவிடவில்லை, நிற்கவிடவில்லை. விரல் மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம்.

முப்பதாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்ததுமே முகம் சுளித்தார். குழாய் வந்தது. செங்கல்.

"என்ன பெரியவரே! நடுவுல எறங்கியிருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்க. இப்ப மறுபடி ஏறியிருக்கு. உண்மையச் சொல்லுங்க. திருட்டுத்தனமா சோறு தின்னீங்களா?"

செங்கமலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டார்.

"ஆமாங்க."

"எத்தனை நாளு?"

"பத்து நாளா. மத்தியானத்துல."

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "அரிசி எந்த ரூபத்துல உள்ள போனாலும் அது அரிசிதான்னு எத்தனை தடவைதான் சொல்றது? இனிமே வெரலு தங்காது. நாளைக்கே திருச்சிக்குப் போயிடுங்க, எழுதித் தர்றேன். இப்ப எடுத்தா வெரலோட போகும்."

செங்கமலம் திறந்த வாயை மூடவே இல்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. முப்பது நாள் அடுப்படியில் கிடந்து இடுப்பொடிந்தவள். அவள் உழைப்பையெல்லாம் நான் தூக்கத்தில் தின்று தீர்த்துவிட்டேன் என்று நினைக்க நினைக்க அவருக்குத் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திருச்சி பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். பெருவிரல் மட்டும்தான்; கால் தப்பித்தது. ஊசி போட்டுச் சர்க்கரையையும் இறக்கினார்கள். நாலாம் நாள் மத்தியானம், வார்டில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே மின்விசிறி தன் போக்கில் சுற்றியது. கொளஞ்சியப்பன் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கனவு வருவது நின்றுவிட்டிருந்தது. சோற்றை நினைத்தாலே பயமாக இருந்தது.

"எனக்கு இது வேணும்" என்றார் கூரையைப் பார்த்து. "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு இது வேணும். உன்னையும் போட்டு இந்தப் பாடு படுத்திட்டேன்."

கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த செங்கமலம் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க திங்கலை."

"என்ன?"

"நீங்க ஒரு பருக்கையும் திங்கலைங்க. நான்தான் ஊத்துனேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"மத்தியானம் தூங்குவீங்கல்ல. அப்ப கை வெறுந்தரையில பிசையும். சோறு பிசையற மாதிரியே. உருட்டி வாயிக்குக் கொண்டு போவீங்க. வாயும் மெல்லும். கண்ணோரம் தண்ணி வழியும். மூணு நாளு பாத்தேன். நாலாம் நாளு என்னால முடியலைங்க. சோறு குடுத்தாத்தானே தப்பு, கஞ்சி குடுத்தா என்னன்னு நெனச்சேன். நோவு கண்டவங்களுக்குக் கஞ்சிதானே குடுப்பாங்க? எனக்கு வடிச்ச சோத்துக் கஞ்சிய மோருல கலந்தேன். கீரையிலயும் ஊத்திக் கடைஞ்சேன். நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சீங்க. தெனமும் ரெண்டு செம்பு." தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "டாக்டரு சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது. சொல்லலாம்னு வாயைத் தொறக்குறதுக்குள்ள நீங்க ஆமான்னுட்டீங்க. அப்புறம் எனக்குப் பயமாப் போச்சு."

கொளஞ்சியப்பனுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம். நான் திருடவில்லை! பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. நாக்கில் நின்ற ருசி பொய்யில்லை, மெய்யாகவே அரிசியின் ருசிதான். கோலமாவைக் கலைத்தது கோழிதான்.

கோபம் அதற்குப் பின்னால் வந்தது, நன்றாகவே வந்தது. எழுந்து உட்கார்ந்தார். "அடிப் பாவி" என்றார். கட்டுப் போட்ட காலைக் காட்டினார். விரல் அந்தக் கஞ்சியால்தான் போயிற்றா, பலகாரம் தின்ற பத்து நாளிலேயே போக ஆரம்பித்துவிட்டதா, அதை யார் அறிவார்? தன் கை தூக்கத்தில் தரையைப் பிசைந்ததை அவர் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று நாள், ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவருடைய கோபம் பிடிமானம் இல்லாமல் ஆடியது.

செங்கமலம் சத்தம் இல்லாமல் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் புரண்டு படுத்தார். அப்படியே அரை மணி நேரம் போயிருக்கும்.

அப்போதுதான் வீரமுத்து வந்து சேர்ந்தான். அரியலூரிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறான். அவன் கையில் பிஸ்கட் பொட்டலமும் ஆறு வாழைப்பழமும் இருந்தன. சர்க்கரைக்காரனுக்கு வாங்கிவரத் தோன்றியதைப் பார். கட்டிலோரம் நின்று காலைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"என்னண்ணே இது! பச்சை வந்துருச்சுன்னு நான்தானே மில்லு பூரா சொன்னேன்! நல்லாத்தானே எறங்கிச்சு? அப்புறம் எப்புடி?"

செங்கமலம் எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. சொல்லிவிடப் போகிறாள் என்று கொளஞ்சியப்பனுக்குத் தெரிந்தது, உதடு அசைந்துவிட்டது. அவர் முந்திக்கொண்டார்.

"எப்புடி என்ன எப்புடி? எல்லாம் இந்த வாயாலதான்டா. திருடித் தின்னுட்டேன்."

"திருடியா?"

"ஆமா. சோத்து ஆசை வுடலை. மத்தியானம் இவ அசந்து தூங்குவா. பூனையாட்டம் எந்திரிச்சுப் போயிப் பானையிலேருந்து அள்ளித் தின்னேன். பத்து நாளு தின்னேன்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். சிரித்ததில் கால் வலித்தது.

வீரமுத்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு செங்கமலத்தின் பக்கம் திரும்பினான்.

"என்ன அண்ணி, நீங்களாவது கொஞ்சம் கண்காணிச்சிருக்கக் கூடாதா?"

"அவளை ஒண்ணும் சொல்லாத" என்றார் கொளஞ்சியப்பன். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அவ மேல ஒரு தப்பும் இல்ல. மில்லுல கேட்டாலும் இப்படியே சொல்லு. அவ பாத்துப் பாத்துத்தான் சமைச்சுப் போட்டா. திருடுனது நான்."

செங்கமலம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போறாங்கண்ணே" என்றான் வீரமுத்து.

"போகட்டும் வுடு, வந்துருவா" என்றார் கொளஞ்சியப்பன்.